நாற்பத்து நான்காவது பிரசவம்

அவரைப் பெரிய சிஸ்டர் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். ஆள் ஒன்றும் பெரியவர் இல்லை. என் தோளுக்குத்தான் வருவார். எங்கள் ஊர் மகப்பேறு நிலையத்தில் இருபத்தெட்டு வருடம் பிரசவம் பார்த்தவர், அங்கிருந்த நர்சுகளுக்கெல்லாம் மூத்தவர், அதனால் அந்தப் பெயர். நான் அதே நிலையத்தில் பதிவு எழுத்தர். அவர் பிள்ளையை வெளியே எடுப்பார், நான் அதைத் தாளில் ஏற்றுவேன். பிரசவ அறைக்கும் என் மேசைக்கும் நடுவே ஒரு சுவர், சுவரில் ஒரு சின்ன ஜன்னல். அதன் வழியாகச் சீட்டை நீட்டிக்கொண்டே சொல்வார்:

"ஆம்பளப் பிள்ளை. ரெண்டே முக்கால் கிலோ. பத்து இருபது. நல்லா அழுதுட்டான் தம்பி."

அழுததை எழுதப் படிவத்தில் கட்டம் கிடையாது. ஆனாலும் ஒரு நாளும் அதைச் சொல்லாமல் விட்டதில்லை.

அவருக்கு நான் தம்பி, எனக்கு அவர் அக்கா. பதினொரு வருடம் ஒரே மேசையில் மத்தியானச் சாப்பாடு. என் மனைவி கட்டிக் கொடுத்ததில் உப்பு கூடியிருந்தால் என்னைவிட முதலில் அவருக்குத் தெரியும். அவருக்குக் கோபம் வந்தால் மற்றவர்களைப் போலக் குரல் ஏறாது, இறங்கும். குரல் இறங்கிவிட்டால் வார்டில் துணி அலசுகிற பெண்கூட வாளியை மெதுவாக வைப்பாள்.

அவர் இந்த நாட்டில் பிறந்தவர் இல்லை. ஆற்றுக்குக் குறுக்கே பெரிய பாலம் கட்டியபோது அவருடைய அப்பா கம்பி கட்டும் வேலைக்கு எல்லை தாண்டி வந்தார். அம்மாவின் இடுப்பில் பதினான்கு மாதக் குழந்தையாக வந்தவர் இவர். பாலம் முடிந்தது, அவர்கள் திரும்பிப் போகவில்லை. படித்தது, நர்சிங் முடித்தது, கல்யாணம் செய்தது எல்லாம் இங்கேதான். இருபத்து மூன்று வயதில் விண்ணப்பம் போட்டு, உறுதிமொழி எடுத்து, குடியுரிமை வாங்கினார்.

அந்த உறுதிமொழிக் கதையை அவரே சிரித்துச் சிரித்துச் சொல்வார். ஓர் அலுவலக அறை, ஓடாத மின்விசிறி, வரிசையில் ஒன்பது பேர். அதிகாரி எல்லோரையும் தேசிய கீதம் பாடச் சொல்லியிருக்கிறார். தானும் சேர்ந்து பாடியவர் இரண்டாவது பத்தியில் மாட்டிக்கொண்டு முழிக்க, இவர்தான் அடியெடுத்துக் கொடுத்தாராம். "அந்தாளு தப்பாப் பாடினாலும் அவருக்கு ஒண்ணும் ஆகாது தம்பி. நான் தப்பாப் பாடியிருந்தா ஆறு மாசம் கழிச்சு வரச் சொல்லியிருப்பாங்க" என்பார். நானும் ஒவ்வொரு தடவையும் சிரிப்பேன். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அப்போது நான் யோசித்ததில்லை.

அவர் கணவர் குடிநீர் வாரியத்தில் லாரி ஓட்டுநர். நாலு தலைமுறையாக இந்த ஊர்க்காரர். இவர்களுக்கு ஒரே மகன், வேறு ஊரில் வேலை.

இப்படி இருந்தபோதுதான் அந்தப் பேச்சு கிளம்பியது.

ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் அடுத்த தேர்தலில் அதிபர் பதவிக்கு நிற்கப் போவதாக அறிவித்தார். நேர்மையானவர் என்று பெயர். ஆனால் ஐந்து வயதில் இங்கே வந்து குடியேறியவர். அவ்வளவுதான், நாடே பற்றிக்கொண்டது. 'இந்த நாட்டு எல்லைக்குள் பிறந்தவரே அதிபராகலாம்' என்று சட்டத்தைத் திருத்த வேண்டும் என்றார்கள். அதற்குப் பொது வாக்கெடுப்பு என்றார்கள். விண்ணப்பித்துக் குடியுரிமை வாங்கியவர்களுக்கு ஒரே வாரத்தில் ஒரு பட்டப் பெயரும் வந்துவிட்டது: காகிதக் குடிமக்கள்.

எங்கள் பகுதியில் இதற்குக் கொடி பிடித்தவர் எங்கள் சட்டமன்ற உறுப்பினர். வாயைத் திறந்தால் மண். "இந்த மண்", "மண்ணின் மைந்தன்", "மண் வாசனை தெரியாதவன்". கேட்டுக் கேட்டு ஊர் அவருக்கு மண்ணுக்காரர் என்றே பெயர் வைத்துவிட்டது. அவருடைய தொழில் தரை ஓடு வியாபாரம். கடையில் இருந்த ஓடு முழுக்க வெளிநாட்டுச் சரக்கு. "ஊர்ல ஒருத்தன் கால் மண்ணுல படாம பாத்துக்கிறதே அவரு பொழப்பு" என்று லாரி ஓட்டுநர் வீட்டில் சொன்னதை அக்கா வந்து சொல்ல, நாங்கள் சாப்பாட்டு மேசையில் புரையேறச் சிரித்தோம்.

ஆனால் சிரிப்பு நாளாக நாளாகக் குறைந்தது. ஒரு கர்ப்பிணியின் மாமியார் என் ஜன்னலுக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, "இங்க பொறந்த நர்சு வேற யாரும் டூட்டியில இல்லையா?" என்று கேட்டாள். நான் இல்லை என்றேன். உள்ளேயிருந்து பெரிய சிஸ்டர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அன்று மத்தியானம் அந்த மருமகளுக்குப் பிள்ளை குறுக்கே திரும்பிக் கிடந்தது. இவர்தான் கையால் தடவித் தடவித் திருப்பி, கத்தி வைக்காமல் எடுத்தார். மாமியார் நன்றி சொன்னாளா என்றால், சொன்னாள். "உங்கள மாதிரி நல்லவங்களும் இருக்கத்தான் செய்றாங்க" என்று.

பெரிய சிஸ்டர் கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டார். "அந்த அம்மா பாராட்டினத விடத் திட்டியிருக்கலாம்" என்றார்.

நான் ஆறுதல் சொல்வதாக நினைத்து ஒன்று கேட்டேன். "விடுங்கக்கா. நீங்க என்ன அதிபராவா ஆகப் போறீங்க? இந்தச் சட்டம் வந்தா என்ன, வராட்டி என்ன?"

அவர் சாப்பாட்டு டப்பாவை மூடினார். "நான் ஆகப் போறதில்ல தம்பி. எனக்கு முட்டி வலி, எங்க வீட்டு மாடிப்படி ஏறவே உயிர் போகுது. ஆக மாட்டேன்கிறது என் இஷ்டம். ஆகக் கூடாதுன்னு எழுதி வைக்கிறது வேற. உன் வீட்டுக்கு வாரம் தவறாம வர்றேன். ஒரு நாள் நீ கதவுல 'இவங்களுக்குப் பூஜையறை, சமையலறை தவிர மத்த இடமெல்லாம் திறந்திருக்கு'ன்னு எழுதி ஒட்டினா, அப்புறம் நான் உன் வீட்டு வாசல மிதிப்பேனா? எனக்கு உன் சமையலறையில என்ன வேலை? ஒண்ணுமில்ல. ஆனா மிதிக்க மாட்டேன்."

தண்ணீர் குடித்தேன்.

வாக்கெடுப்புக்குப் பத்து நாள் முன்னால் மண்ணுக்காரர் எங்கள் நிலையத்துக்கே வந்தார். அன்று பிறந்த பிள்ளை ஒன்றைத் தூக்கி வைத்துக்கொண்டு படம் எடுக்க வேண்டுமாம். பெரிய டாக்டர், அதாவது எங்கள் நிலையத்தின் தலைமை மருத்துவர், வாசலுக்கே ஓடிப்போய் அழைத்து வந்தார். படக்காரர் தொட்டில் தொட்டிலாகப் பார்த்து, கொழுகொழுவென்று இருந்த ஒரு பையனைத் தேர்ந்தெடுத்தார். அவன் அம்மா கட்டட வேலைக்கு வந்தவள், வெளிநாட்டுக்காரி. அவன் அப்பாவும் அப்படியே. அதை எழுதிய எனக்குத் தெரியும், பிள்ளையை எடுத்த பெரிய சிஸ்டருக்குத் தெரியும். மற்றவர் யாரும் கேட்கவில்லை.

அந்தப் பெண் பிள்ளையோடு எழுந்து நின்றாள். படக்காரர் கையாட்டினார். "அம்மா கொஞ்சம் தள்ளிக்கோங்க, ஃப்ரேம்ல வர்றீங்க."

"பெத்தவளையும் சேத்து எடுங்களேன்" என்றார் பெரிய சிஸ்டர்.

மண்ணுக்காரர் சிரித்தார். "பிள்ளை மட்டும் போதும் சிஸ்டர். பிள்ளைதான் மண்ணோட சொத்து."

இரண்டு நாளில் ஊர் முழுக்கச் சுவரொட்டி. 'இந்த மண்ணில் விழுந்த நாளைய அதிபர்' என்ற கொட்டை எழுத்துக்கு மேலே அந்தப் பையன். பிள்ளையின் கால் ஓரத்தில் வெட்டுப்பட்ட ஒரு கை தெரியும். அது அவன் அம்மாவின் கை. பெரிய சிஸ்டர் பேருந்து நிறுத்தத்தில் அந்தச் சுவரொட்டிக்கு முதுகைக் காட்டித்தான் நிற்பார்.

வாக்கெடுப்பு நடந்தது. நூற்றுக்கு அறுபத்தொரு பேர் திருத்தம் வேண்டும் என்றார்கள். அந்த அறுபத்தொன்றில் நானும் ஒருவன். இதை மறைத்துவிட்டு அவர் கதையைச் சொன்னால் அது கதையே இல்லை. ஏன் போட்டேன் என்று கேட்டால் சொல்லும்படியாக ஒரு காரணமும் கிடையாது. உச்சிப் பதவி, அதிலாவது நம்மாள் இருக்கட்டுமே என்று ஒரு நினைப்பு. நம்மாள் என்று நினைத்தபோது எனக்கு அவர் முகம் வரவில்லை. மறுநாள் அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். "அநியாயம்க்கா" என்றுகூடச் சொன்னேன்.

ஐந்து மாதம் போயிருக்கும். ஒரு காலை வேளையில் பெரிய டாக்டரின் அறைக்கு என்னையும் பெரிய சிஸ்டரையும் கூப்பிட்டார்கள். உள்ளே மண்ணுக்காரர் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு குழந்தை, பட்டுப் போன்ற வெள்ளைத் துணியில். முகம் முழுக்கச் சிரிப்பு. "பேரன்" என்றார்.

அவர் மகள் கணவனோடு வெளிநாட்டுக்கு ஊர் சுற்றப் போனவள். நாள் கணக்கில் ஏதோ தப்பு, அங்கேயே வலி வந்துவிட்டது. பிள்ளை அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் பிறந்து, ஐந்து வாரம் கழித்து இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது. இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லாமல் அவரே சொன்னார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"அங்க பொறந்ததுன்னு பதிஞ்சா பின்னால பையனுக்கு ஒரு குறையாப் போயிடும். புது சட்டம்தான் உங்களுக்குத் தெரியுமே. நாளைக்கு அவன் என்னவாவான்னு யாரு கண்டா? அதனால இங்கயே பொறந்ததா ஒரு வரி எழுதிடலாம்னு டாக்டர் சொல்றாரு."

பெரிய டாக்டர் மேசை மேல் இருந்த பேப்பர் வெயிட்டை நகர்த்தினார். "தாமதப் பதிவுன்னு போட்டுக்கலாம். பிரசவம் பார்த்தவர் கையெழுத்து மட்டும் சிஸ்டர் போடணும்."

பெரிய சிஸ்டர் போய்க் குழந்தையை வாங்கினார். துணியை விலக்கி வயிற்றைப் பார்த்தார், தலையைத் தடவிப் பார்த்தார், கழுத்து மடிப்பில் இருந்த பால் பிசுக்கைத் தன் கைக்குட்டையால் துடைத்தார். "நல்ல பிள்ளை. கழுத்தத் துடைக்காம விட்டிருக்கீங்க, புண்ணாயிடும்" என்று திருப்பிக் கொடுத்தார். பிறகு, "நான் எடுக்காத பிள்ளைக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார். குரல் இறங்கியிருந்தது.

மண்ணுக்காரருக்குக் கோபம் வரவில்லை. அதுதான் கொடுமை. அவர் இன்னும் கனிவாகச் சிரித்தார். "சிஸ்டர், வேற யார்கிட்டயும் இத நான் கேட்டிருக்க மாட்டேன். நீங்களும் வெளிய பொறந்து வந்தவங்க. அந்த வலி உங்களுக்குத்தான் புரியும்."

நான் பெரிய சிஸ்டரின் முகத்தைப் பார்த்தேன். இருபத்தெட்டு வருடம் ரத்தம், மலம், வாந்தி எல்லாவற்றிலும் கை வைத்தவர். ஒரு தடவையும் அவர் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. அன்று சுளித்தது. அழுகிய எதையோ வாயருகே கொண்டுபோனது போல உதட்டை இறுக்கி, தலையைத் திருப்பிக்கொண்டார்.

"ச்சீ" என்றார். அவ்வளவுதான். கதவைத் திறந்து போய்விட்டார்.

பெரிய டாக்டர் என்னைப் பார்த்தார். எனக்குப் பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் கடைசி வரியைத் திருத்தத்துக்கென்று காலியாக விடுகிற பழக்கம் உண்டு. அது அவருக்குத் தெரியும். "ஒரு வரிதானே, எழுதிடுங்க. நான் கையெழுத்துப் போடறேன்" என்றார். அவர் பிரசவ அறைக்குள் கால் வைத்து ஒன்பது வருடமாகிறது. நான் எழுதினேன். போன மாதம் பதினைந்தாம் தேதியோடு முடிந்திருந்த பக்கத்தில் கடைசி வரி, தேதி பதினேழு. காலை பத்து நாற்பது. ஆண். எடையைக்கூட நானே போட்டேன்: மூன்று கிலோ. எழுத்து வழக்கம் போல அழகாகவே விழுந்தது.

அரையாண்டு அறிக்கைக்காகப் பெரிய சிஸ்டர் தன் டைரியையும் என் பதிவேட்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம். அடுத்த மாதம் அப்படிப் பார்த்தார். அவர் கணக்கில் அந்த மாதப் பிரசவம் நாற்பத்து மூன்று. என் பதிவேட்டில் நாற்பத்து நான்கு.

ஜன்னலுக்கு வந்தார். "தம்பி, பதினேழாந்தேதி இங்க யாரு பெத்தது?"

நான் பேனாவைத் திறந்து மூடினேன்.

"பதினாறும் பதினேழும் பிரசவ ரூமையே பூட்டி வெச்சிருந்தோமே. சாக்கடைக் குழாய் அடைச்சு, தரை பூரா கழிவுத் தண்ணி. வந்தவங்க எல்லாரையும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். நீதானே வாசல்ல நின்னு வண்டி பிடிச்சுக் குடுத்த?"

அவர் சொன்ன பிறகுதான் எனக்கு ஞாபகமே வந்தது. பின்னாளில் ஒன்றிரண்டு பேரிடம், பொய் மாட்டிக்கொள்ளட்டும் என்று வேண்டுமென்றேதான் அந்தத் தேதியைப் போட்டேன் என்று பீற்றிக்கொண்டதுண்டு. அதுவும் பொய். சுத்தமாக மறந்து போயிருந்தேன்.

"பெரிய டாக்டர் சொன்னாருக்கா" என்றேன்.

"எழுத்து யாருது?"

நான் பதிவேட்டை மூடப் போனேன்.

"உங்க எழுத்துதானே, கிளார்க் சார்?"

பதினொரு வருடத்தில் முதல் தடவையாக நீங்க. முதல் தடவையாக கிளார்க் சார். ஜன்னல் கதவை அவர் சத்தமில்லாமல் சாத்தினார். மறுநாளிலிருந்து வார்டிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். சீட்டு மட்டும் ஜன்னல் வழியாக வரும்: ஆண், பெண், எடை, நேரம். அழுததா இல்லையா என்பது அதற்குப் பிறகு எனக்குத் தெரியாது.

அவர் பதிவுத் துறைக்குப் புகார் எழுதினார். ஒரே பக்கம். தேதி, டைரியின் நகல், அறை பூட்டியிருந்த விவரம், கையெழுத்து. கணவர் வேண்டாம் என்றாராம். "நம்ம வாயில மண்ணப் போட்டுட்டுப் போயிடுவானுங்க" என்றாராம். அதை அவர் கணவரே பிறகு என்னிடம் சொன்னார்.

மாவட்டப் பதிவு அலுவலகத்தின் மாடியில் விசாரணை. சாட்சிக்கு என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். விசாரணை அதிகாரி பேனா மூடியால் காது குடைந்துகொண்டே இருந்தார். குடைந்து எடுத்ததை விரலில் உருட்டிக்கொண்டே கேட்டார். அவர் கேட்ட முதல் கேள்வி பதினேழாம் தேதியைப் பற்றியது இல்லை.

"நீங்க எப்போ குடியுரிமை வாங்கினீங்க?"

"முப்பத்திரண்டு வருஷம் முன்னால."

"அசல் சான்றிதழ் கொண்டு வந்திருக்கீங்களா?"

"இது ஒரு பிள்ளை எங்க பொறந்ததுன்ற விசாரணை சார். நான் எங்க பொறந்தேன்ற விசாரணை இல்ல."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்கம்மா. வாக்கெடுப்புல உறுப்பினரோட தரப்பு ஜெயிச்சதுல உங்களுக்கு மனவருத்தம் இருந்திருக்கும். இல்லையா?"

"இருந்தது. இருக்கு."

"அப்போ இந்தப் புகார்ல உங்களுக்கு உள்நோக்கம் இருக்குன்னு எடுத்துக்கலாமா?"

பெரிய சிஸ்டர் அந்தப் பேனா மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "சார், அன்னைக்குப் பிரசவ ரூம் தரையில கணுக்கால் அளவு கழிவுத் தண்ணி. என் உள்நோக்கம் வந்து அந்தத் தண்ணிய ஊத்தல. நகராட்சிக்காரங்க வந்து உறிஞ்சி எடுத்த சீட்டு இருக்கு. அதுல கையெழுத்துப் போட்டவர் இங்க பொறந்தவர்தான். அவர நம்புவீங்கல்ல?"

அந்தச் சீட்டை மேசையில் வைத்தார். அதிகாரி அதை எடுத்துப் படித்தார். என் பக்கம் திரும்பி, எழுத்து உங்களுடையதா என்றார். ஆமாம் என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன ஒரே உருப்படியான ஆமாம் அதுதான். அதுவும் சீட்டு மேசைக்கு வந்த பிறகு.

பதிவு ரத்தானது. செய்தி வெளியே கசிந்தது. ஒரு வாரம் ஊர் கொதித்தது. மண்ணுக்காரர் தொலைந்தார் என்றுதான் நான் நினைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடைத்தெரு முனையில் அவர் கூட்டம் போட்டார். நானும் போய் ஓரமாக நின்றேன். பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு மேடையேறினார். முதலில் அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"ஒரு தாத்தா ஆசைப்பட்டது குத்தமாய்யா? பிள்ளை எங்க விழணும்னு நாமளா முடிவு பண்றோம்? பொறந்த எடம் ஒரு விபத்து! ஆனா ரத்தம்? இது யாரு ரத்தம்? நம்ம ரத்தம்!"

கைதட்டல். வாக்கெடுப்புக்கு முன்னால் இதே முனையில், இதே ஒலிபெருக்கியில், பிறந்த இடம்தான் ஒருவனுக்கு எல்லாம் என்று இதே மனிதர் சொன்னபோது தட்டிய அதே கைகள். என் பக்கத்தில் நின்ற மருந்துக் கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாவம், பிள்ளை என்ன பண்ணும்" என்றார். பதினான்கு மாதத்தில் இடுப்பில் வந்த பிள்ளை மட்டும் என்ன பண்ணியதாம் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. வாயில் ஊறிய எச்சிலைத் துப்பிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

ஆறே வாரத்தில் சட்டத்துக்கு ஒரு 'விளக்கம்' சேர்த்தார்கள். பிறப்பால் குடிமக்களானவர்களுக்கு வெளிநாட்டில் பிறக்கும் குழந்தையும் இந்த நாட்டு எல்லைக்குள் பிறந்ததாகவே கருதப்படும். வாக்கெடுப்பு வேண்டாமாம், விளக்கம்தானே. எதிர்க்கட்சியும் கை தூக்கியது. பெரிய டாக்டருக்குத் தலைநகரில் துணை இயக்குநர் பதவி கிடைத்தது. எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். மேலதிகாரியைக் கேட்காமல் புகார் அனுப்பியது ஏன் என்று பெரிய சிஸ்டருக்கும் ஒரு கடிதம் வந்தது. அவர் அதற்கு ஒரே வரியில் பதில் எழுதினார்: 'மேலதிகாரியைப் பற்றித்தான் புகார் என்பதால்.'

இதற்குள் எதிர்க்கட்சிக்காரர்களுக்கு அவர் ஞாபகம் வந்தது. நாலைந்து பேர் படக்காரரோடு அவர் வீட்டுக்குப் போனார்கள். அநீதி இழைக்கப்பட்ட தாய் என்று மேடையில் உட்கார வைக்க வேண்டுமாம். லாரி ஓட்டுநர் நாற்காலி எடுத்துப் போடப் போனார். இவர் தடுத்தார்.

"விளக்கத்துக்குக் கை தூக்கினது நீங்கதானே?"

"அது வேற விஷயம்மா, கட்சி முடிவு..."

"எனக்கும் வீட்டு முடிவு ஒண்ணு இருக்கு. படத்த வாசல்ல நின்னே எடுத்துக்கோங்க. சாத்தின கதவு நல்லா விழும்."

வழக்கம் போல வேலைக்கு வந்துகொண்டிருந்தார். ஒரு நாள் தடுப்பூசி வரிசையில் மண்ணுக்காரரின் மகள் பிள்ளையோடு நின்றாள். தனியாக வந்திருந்தாள். முறை வந்ததும் தலையைக் குனிந்துகொண்டு, "அப்பா இப்படிப் பண்ணுவாருன்னு எனக்கு நெஜமாவே தெரியாது சிஸ்டர்" என்றாள்.

"சரி. கால இறுக்கிப் பிடி, உதைப்பான்" என்றார் பெரிய சிஸ்டர். ஊசி போட்டு, பஞ்சை அழுத்தி, கழுத்து மடிப்பைத் தடவிப் பார்த்தார். "இப்ப நல்லாத் துடைக்கிற. அப்படியே செய்" என்றார். அந்தப் பெண் அழுதுகொண்டே போனாள்.

ஒன்றரை வருடம் கழித்துப் பணி ஓய்வு பெற்றார். வழியனுப்பு விழா வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கடைசி நாளில் மேசை இழுப்பறையைக் காலி செய்து, ஒரு துணிப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு நடந்து போனார்.

ஒரு மாதம் பொறுத்து அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டாம் மாடி. கதவைத் திறந்தவர் உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. கையில் நனைந்த துணி, ஏதோ துடைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"அக்கா, மன்னிப்பு கேட்கத்தான் வந்தேன். அந்த வரிக்கு மட்டும் இல்ல. வாக்கெடுப்புல நான்..."

"தெரியும்."

"எப்படி?"

"அன்னைக்கு மறுநாள் நீங்க 'அநியாயம்க்கா'ன்னீங்களே. நிஜ வலிக்கும் பொய் வலிக்கும் வித்தியாசம் தெரியாமலா இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தேன்?"

படியில் யாரோ காய்கறிப் பையோடு ஏறிப் போனார்கள். அவர்கள் போகும் வரை காத்திருந்தார்.

"அந்த உறுப்பினர் மேல எனக்குக் கோபம்கூட இல்ல கிளார்க் சார். புழு நெளியிறதப் பார்த்தா அருவருப்பா இருக்கும், கோபம் வராது. ஆனா நீங்க என்கூட உக்காந்து சாப்பிட்டீங்க."

"மன்னிச்சிடுங்கக்கா."

"கேட்டுட்டீங்க. இனி நான் மன்னிக்கணும், அதானே முறை? எனக்கு இன்னும் வரல. வராத வலிய முக்கி வரவழைக்கக் கூடாது, பிள்ளைக்கு ஆகாது." ஒரு நொடி சிரித்துவிடுவாரோ என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "வீட்ல எல்லாரையும் கேட்டதாச் சொல்லுங்க" என்று கதவைச் சாத்தினார்.

யாரது என்று உள்ளே லாரி ஓட்டுநர் கேட்டது காதில் விழுந்தது.

"ஆஸ்பத்திரி கிளார்க்" என்றார் அவர்.

அந்த வருடம் நடந்த அதிபர் தேர்தலில் அவரை வாக்குச்சாவடியில் பார்த்தேன். முட்டி வலியோடு ஒரு மணி நேரம் வரிசையில் நின்றார். மூன்று வேட்பாளர்கள், மூவரும் இங்கேயே பிறந்தவர்கள். அவர்களில் இரண்டு பேர் மேல் ஊழல் வழக்கு, ஒருவர் மேல் கொலை வழக்கு. சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்தவர், என்னைத் தாண்டும்போது தலையசைத்தார். பிறகு குழாயடிக்குப் போய்ச் சோப்பு கேட்டார். யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். முழங்கை வரைக்கும் நுரைக்க நுரைக்கத் தேய்த்து, இரண்டு தடவை கழுவிக்கொண்டு, பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.